கலப்பட மின்கலமும் மூவர் குழுவும்

பிளவ்திவ் நகரின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒளிமின் பொருள் ஆய்வுக் கழகத்தில் பதினொரு விஞ்ஞானிகளும் எழுபத்து நான்கு அலுவலர்களும் வேலை பார்த்தார்கள். இந்தப் பதினொரு பேர் எதற்கு என்ற கேள்வி ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழும். விஞ்ஞானிகள் இருந்தால்தானே அலுவலர்களுக்கு மேற்பார்வை பார்க்க ஏதாவது இருக்கும் என்று யாராவது ஒரு நல்ல மனிதர் எழுந்து விளக்குவார். அதன் பேரில் அந்தப் பதினொரு பேரும் இன்னொரு வருடம் தப்பிப்பார்கள்.

தப்பித்தவர்களில் ஒருத்தி நெவேனா. நாற்பத்தொரு வயது. இரண்டாம் நிலை வேதியியலாளர். அவளுடைய வேலை ஒவ்வொரு அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியும் முடிந்துபோய், கெஞ்சினால் நீட்டிக்கப்படும் ஒப்பந்த வேலை. எட்டு வருடமாகக் கெஞ்சி நல்ல பழக்கம் வந்துவிட்டது. அந்த வருடம்தான் கெஞ்சலும் பலிக்காது போலிருந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் மை மாதிரி ஒரு கரைசலைச் சொட்டி, வேகமாகச் சுழற்றி, லேசாகச் சூடுகாட்டிக் காயவைத்தால் கருப்பாக ஒரு படலம் படியும். வெயில் பட்டால் மின்சாரம். பெரிய உலை வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம், அப்பளம் சுடுகிற சூடு போதும். ஒரே ஒரு குறை. தண்ணீர் ஆகாது. ஈரக்காற்று பட்டாலே கருப்பு மஞ்சளாகி, மின்சாரம் நின்று, கலம் செத்துப்போகும். படலத்தில் இருக்கும் குட்டிக்குட்டிப் படிகங்களுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகத்தான் ஈரம் உள்ளே நுழைகிறது. நெவேனா அந்த மையில் நூற்றில் ஒரு பங்கு பாலிமரைக் கலந்து பார்த்தாள். நீளநீளமான அந்த மூலக்கூறுகள் படிகங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, இடுக்கை அடைத்து, அக்கம்பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. கலம் சாகவில்லை.

எத்தனை நாள் சாகாது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சோதித்துச் சான்று கொடுக்கக் கழகத்தில் மூன்று பேர் கொண்ட நீர்தாங்கு திறன் குழு ஒன்று இருந்தது. மூவரில் ஒருவர் நான்கு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்று, கார்லொவோ பக்கம் தேனீ வளர்க்கப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் குழு முழுமையாகக் கூட வேண்டும். குழு முழுமையாகக் கூட வேண்டுமானால் அவர் வர வேண்டும். அவர் தேனீக்களை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டார். நெவேனா இரண்டு வருடத்தில் பதினேழு மனு போட்டாள். பதினேழுக்கும் வரவு எண் கிடைத்தது.

அந்த வருடம் பணியாளர் பிரிவு ஒரு புது விதி கொண்டுவந்தது. செய்த பொருளுக்குச் சான்று காட்டினால்தான் ஒப்பந்தம் நீளும்.

"சான்று குடுக்கற குழு கூடவே மாட்டேங்குதே மேடம்" என்றாள் நெவேனா.

"அது வேற பிரிவும்மா" என்றார் பணியாளர் பிரிவுத் தலைவி. "எங்க பிரிவுல எந்தக் குறையும் இல்ல."

ஏதாவது ஒரு கையெழுத்தாவது கிடைக்குமா என்று நெவேனா தூய்மைக் குழுத் தலைவர் பேராசிரியர் பெட்கோ பனயோத்தொவிடம் போனாள். அவர் அறையில் தூசி கிடையாது. புத்தகமும் கிடையாது. அவள் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மை செய்ய நாம வாங்கற ஈய அயோடைடு எவ்வளவு சுத்தம் தெரியுமா? தொண்ணூத்தொம்பது புள்ளி ஒன்பது ஒன்பது. மிச்சம் இருக்கற புள்ளி பூஜ்யம் ஒண்ணுக்காக நான் அந்தக் கம்பெனிகூட மூணு வருஷம் சண்டை போட்டவன். நீ என்னடான்னா ஒரு சதவீதத்தைக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம உள்ளே கொட்டியிருக்கே. நூறு மடங்கு அழுக்கு!"

"அது அழுக்கு இல்லீங்க ஐயா. வேணும்னே போட்டது. அதனாலதான் தண்ணியைத் தாங்குது."

"வேணும்னே போட்டது இன்னும் மோசம். தெரியாம விழுந்த அழுக்கையாவது மன்னிக்கலாம்." பேராசிரியர் எழுந்து ஜன்னலருகே போனார். "முப்பது வருஷமா என் ஆய்வகத்துல எதையும் எதோடயும் கலந்ததில்லை. அதனாலதான் அங்க ஒரு தப்பும் நடக்கல."

"வேற என்ன நடந்துச்சுங்க ஐயா?"

"அதான் சொன்னேனே. தப்பு நடக்கல."

அங்கிருந்து அவளைப் பசுமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கழகம் போன வருடம் 'பிளாஸ்டிக் இல்லா வளாகம்' என்று பட்டம் வாங்கியிருந்தது. பட்டத்தைக் காப்பாற்றும் பொறுப்பு சொர்னித்சாவுடையது. முப்பது வயது, சுறுசுறுப்பான பெண். மற்றவர்கள் ஒரு வாரத்தில் செய்யும் தடையை இவள் ஒரு மணி நேரத்தில் செய்வாள்.

"பாலிமர்னா பிளாஸ்டிக்தானேக்கா?"

"ஒரு கலத்துக்கு ஒரு கடுகுல நூத்துல ஒரு பங்குகூட வராது சொர்னித்சா."

"அளவு முக்கியமில்லக்கா, கொள்கைதான் முக்கியம்." அவள் சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைக் காட்டினாள். முத்திரையும் மூன்று கையெழுத்தும் போட்ட அந்தக் காகிதம் பளபளவென்று மின்னியது.

"இதுமேல பிளாஸ்டிக் உறை போட்டிருக்கே?" என்றாள் நெவேனா.

"அது பிளாஸ்டிக் இல்லக்கா. பாதுகாப்பு. இந்தக் கட்டடத்துல ஈரம் ஜாஸ்தி. உறை இல்லேன்னா காகிதம் மஞ்சளாயிடும்."

நெவேனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதில் ஏதாவது உறைக்கும் என்று எதிர்பார்த்தாள். உறைக்கவில்லை. சொர்னித்சா அன்றே ஆய்வகத்துக்கு வந்து பாலிமர் புட்டியைப் பறிமுதல் செய்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப் போனாள். அதற்குள் செய்துவைத்த ஏழு கலங்களில் ஆறு நெவேனாவின் சொந்தச் சோதனைகளில் தீர்ந்துபோயிருந்தன. மிச்சம் ஒன்று. நகத்தளவு கருப்பு. இனிமேல் செய்ய வழியில்லாத ஒன்று.

கடைசியாக இயக்குநர். பேரறிஞர் வெலிசார் ஸ்லாத்தெவ் நாற்பது வருடமாக ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்காமலே நானூறு கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொண்டவர். அவர் கோபப்படவில்லை. கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கியது.

"திரும்பச் சொல்லும்மா. இந்தப் பாலிமர் தானா மின்சாரம் பண்ணுமா?"

"பண்ணாதுங்க ஐயா."

"வெளிச்சத்தை வாங்குமா?"

"வாங்காது."

"சும்மா நடுவுல உக்காந்துக்கிட்டு, வேலை செய்யறவங்களைப் பிடிச்சு வெச்சுக்கும். அப்படித்தானே?"

"ஆமாங்க ஐயா."

"அது நான்தாம்மா!" பேரறிஞர் நெஞ்சில் கைவைத்தார். "இருபது வருஷமா நான் செஞ்சிட்டிருக்கறது அதைத்தான். ஒருத்தனுக்கும் புரியல. உனக்குப் புரிஞ்சிருக்கு. எவ்வளவு போடறே?"

"ஒரு சதவீதங்க ஐயா."

"வெறும் ஒண்ணா? இந்தக் கழகத்துல எங்களை மாதிரி ஆளுங்க எண்பது சதவீதத்துக்கு மேல. எவ்வளவு உறுதியா நிக்குது பாரு! ஒரு விரிசல் உண்டா? நீயும் எண்பது போடேன்."

"ரெண்டைத் தாண்டினாலே மின்சாரம் ஓடாதுங்க ஐயா."

"ஆனா உறுதியா இருக்குமில்ல?"

"உறுதியா இருக்கும். ஒண்ணும் வேலை செய்யாது."

பேரறிஞர் அவளைப் பெருமையோடு பார்த்தார். "அப்போ என்ன குறை?"

சான்றுக்கு அவர் வழி சொல்லவில்லை. ஆனால் அக்டோபர் முதல் வாரம் கழகத்தின் புது ஆய்வுக்கூடம் திறக்கப்படும், கழகத்தின் திட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து மதிப்பீட்டாளர் ஒரு டச்சுப் பெண்மணி வருவார், அப்போது அவளுடைய கலத்தையும் மேசையில் வைக்கலாம் என்று அனுமதித்தார். காரணம் விஞ்ஞானம் அல்ல. பெரிய மேசையில் தூய்மைக் குழுவின் சுத்தமான கலம் ஒன்று மட்டும் இருந்தால் புகைப்படத்தில் மொட்டையாகத் தெரிகிறது என்று விழாப் பிரிவு சொல்லியிருந்தது.

விழாவுக்கு முன்னால் கிடங்குப் பொறுப்பாளர் ஸ்தாமென் வந்தார். ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கியிருக்கும் கனத்த மனிதர். அரசுச் சொத்து எதுவானாலும் பித்தளைத் தகட்டில் எண் அடித்து ஒட்ட வேண்டும். அவர் கொண்டுவந்த தகடு கலத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

"ஸ்தாமென் அண்ணே, இதை ஒட்டினா வெளிச்சமே படாதே!"

"வெளிச்சம் படணும்னு எந்த விதியிலயும் இல்ல தங்கச்சி. எண் தெரியணும்னு இருக்கு."

அரை மணி நேரம் மன்றாடி, கலத்தின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, கட்டையில் தகடு ஒட்டச் சம்மதிக்க வைத்தாள்.

விழா நிரலை நெவேனா இரண்டு முறை படித்தாள். பத்தரை மணிக்கு நீர் மந்திரித்துத் தெளித்தல். பதினொரு மணிக்கு மின்கலம் காட்டுதல். பள்ளிக்கூடமோ பெட்ரோல் பங்கோ, அந்த ஊரில் எதைத் திறந்தாலும் பாதிரியார் வந்து செம்புப் பாத்திரத்தில் நீரை மந்திரித்து, திருநீற்றுப்பச்சிலைக் கொத்தால் நாலு பக்கமும் தெளிப்பது வழக்கம். அதை யாரும் தவிர்ப்பதில்லை, நெவேனாவும் தவிர்க்கச் சொல்ல மாட்டாள். தண்ணீரே ஆகாத ஒரு பொருளை மூடாமல் மேசைமேல் வைத்துவிட்டா தெளிப்பார்கள் என்பதுதான் அவள் கேள்வி. கண்ணாடி மூடி போட்டால் படத்தில் கண் கூசும் என்றார்கள். வரிசையை மாற்றலாமே என்றாள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார்கள்.

அன்று காலை வாசலிலேயே காத்திருந்து தந்தை எவ்திமியைப் பிடித்தாள்.

"சாமி, அந்த மேசைப் பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மியாத் தெளிங்க."

"ஏம்மா, அதுக்குத் தண்ணி ஆகாதா?"

"ஒண்ணுக்கு ஆகவே ஆகாது. இன்னொண்ணு தாங்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரிஞ்சுக்க விட மாட்டேங்கறாங்க சாமி."

பாதிரியார் தாடியைத் தடவினார். "போன வருஷம் இங்க கம்ப்யூட்டர் அறையில பாவம் பாத்து ரெண்டு சொட்டு கம்மியாத் தெளிச்சேன். அடுத்த வாரம் அது படுத்துடுச்சு. என்மேல ஆறு பக்கத்துக்குப் புகார் எழுதினாங்க. என்னை விட்டுடும்மா."

மண்டபம் நிறைந்திருந்தது. ரொட்டியும் உப்பும் கொடுத்து மதிப்பீட்டாளரை வரவேற்றார்கள். மரைக்கே என்று பெயர், நரைத்த குட்டை முடி. மேசையில் விளக்குகளுக்குக் கீழே இரண்டு கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றோடும் ஒரு குட்டி விசிறி. இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. தந்தை எவ்திமி மேசையை நெருங்கியதும் தயங்கினார்.

"தாராளமாத் தெளிங்க சாமி" என்றார் பேரறிஞர் ஒலிபெருக்கியில். "நம்ம தொழில்நுட்பம் எதுக்கும் அஞ்சாது!"

பாதிரியார் பச்சிலைக் கொத்தை நன்றாக முக்கி, இரண்டு கலங்கள்மேலும் ஒரே வீச்சாக வீசினார்.

சுத்தமான கலத்தில் விழுந்த துளிகளைச் சுற்றி முதலில் வெளுப்பு படர்ந்தது. பால் விடாத கட்டஞ்சாயாவில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் இறங்குமே, அப்படி இறங்கி, எல்லோர் கண்ணெதிரிலும் கலம் மஞ்சளானது. விசிறி தள்ளாடி நின்றது. நெவேனாவின் கலத்தில் துளிகள் முத்துமுத்தாக நின்றன. கலம் கருப்பாகவே இருந்தது. விசிறி சுற்றியது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷம் நெவேனாவுக்கு இந்தக் கட்டடத்துக்குள் வந்ததில்லை.

பேரறிஞர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரு நொடிதான்.

"பாத்தீங்களா!" என்றார். "ஈரம் பட்டதும் நம்ம கலம் கண்டுபிடிச்சுச் சொல்லிடுச்சு! இது வெறும் மின்கலம் இல்ல, ஈரத்தைக் காட்டற கருவியும்கூட. ஒரே செலவுல ரெண்டு கண்டுபிடிப்பு!" கைதட்டல் எழுந்தது.

மரைக்கே கைதட்டவில்லை. "அந்த இன்னொண்ணு என்ன?"

"அது படத்துக்காக வெச்சது மேடம்" என்றார் பேரறிஞர்.

"ஆனா ஓடிக்கிட்டிருக்கே?"

பேராசிரியர் பனயோத்தொவ்வால் பொறுக்க முடியவில்லை. "தப்பா ஓடிக்கிட்டிருக்கு மேடம்! அதுல கலப்படம் இருக்கு. அனுமதி வாங்காம ஒரு சதவீதம். விதிப்படி உடனே நடவடிக்கை எடுப்போம்."

"நல்லது" என்றார் மரைக்கே. "என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி, அதோட பதிவேட்டு நகல் ஒண்ணு எனக்கு வேணும்."

கழகத்தின் ஒழுங்கைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பேரறிஞர் அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

ஒரு பொருளைச் சோதிக்க நான்கு வருடமாக மூன்று பேர் கிடைக்கவில்லை. அழிக்க இருபது நிமிடத்தில் கிடைத்துவிட்டார்கள். தூய்மைக்காகப் பேராசிரியர் பனயோத்தொவ், பசுமைக்காக சொர்னித்சா, சொத்துக்காக ஸ்தாமென். கலப்படப் பொருளை அழிக்கும் விதி பழையது, தெளிவானது. ஈயம் கலந்திருப்பதால் குப்பையில் எறியக் கூடாது. சாதாரண நீர் நிரம்பிய குவளையில் இட வேண்டும். செயல்பாடு முற்றிலும் நிற்கும்வரை மூவரும் அலுவல் நேரம் முழுக்க அருகிலிருந்து பார்க்க வேண்டும். மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். பொருளைச் செய்தவரும் உடனிருக்க வேண்டும். அரை மணிக்கு மேல் எந்தப் பொருளும் தாங்காது என்று கணக்குப்போட்டு எழுதிய விதி அது.

மறுநாள் காலை ஸ்தாமென் விசிறியைக் குவளைக்கு வெளியே வைத்து, அதன் கம்பி இணைப்புகளுக்கு மெழுகு பூசி, மேலே விளக்கைப் போட்டு, கலத்தைக் குவளைக்குள் இறக்கினார். நெவேனா பார்க்கச் சகிக்காமல் கழிப்பறைக்குப் போய் அழுதாள். இரண்டு வருட உழைப்பு, கடைசிக் கலம், அதோடு போகப்போகிற வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது பேராசிரியர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரை மணி ஆச்சே?"

"முக்கால்" என்றார் ஸ்தாமென்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு சொர்னித்சா எழுதினாள்: 'பொருள் நீரில் உள்ளது. நிறம் கருப்பு. விசிறி சுற்றுகிறது.' மூவரும் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டுக்கும் அதையே எழுதினாள். மாலை ஐந்து மணிக்கும் அதையேதான். கதவைப் பூட்டி, காகிதப் பட்டை ஒட்டி, மூன்று முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். காலையில் முத்திரையைக் கிழித்து உள்ளே நுழைந்தால் விசிறி அவர்களுக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பித்திருந்தது.

நான்காம் நாள் சொர்னித்சாவுக்கு யோசனை வந்தது. "ஐயா, கொஞ்சம் உப்புப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?"

பேராசிரியர் பரபரப்பாக எழுந்தார். பிறகு அப்படியே உட்கார்ந்தார். "சாதாரண நீருன்னு விதியில இருக்கு. உப்பைப் போட்டா அது கலப்படம்." சொல்லி முடித்ததும் அவருக்கே அழுகை வரும் போலிருந்தது.

"பேசாம நின்னுபோச்சுன்னு எழுதிடலாமே?" என்று ஸ்தாமென் மெல்ல இழுத்தார். மூவருக்கும் அதே ஆசைதான். ஆனால் பேராசிரியர் சொர்னித்சாமேல் இரண்டு புகார் எழுதியவர். சொர்னித்சா ஸ்தாமென்மேல் நான்கு எழுதியவள். ஸ்தாமென் எல்லோர்மேலும் எழுதியவர், பெயர் போடாமல். பொய்க் கையெழுத்துப் போட்ட மறுகணம் மற்ற இருவரில் ஒருவர் பேனாவைத் திறப்பார் என்று ஒவ்வொருவருக்கும் திடமாகத் தெரியும். அதனால் அந்த அறையில் உண்மையைத் தவிர வேறு எதையும் எழுத முடியாமல் போயிற்று.

பதினான்காம் தேதி புனித பெட்கா திருநாள். பெட்கோ என்று பெயருள்ளவர்கள் வீட்டுக்கு அன்றைக்கு அழைக்காமலே விருந்தாளிகள் வருவார்கள், வீட்டுக்காரர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். பேராசிரியர் வீட்டுக்கு இருபது பேர் வந்து, அவர் இல்லாததைப் பார்த்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவையும் ரகியா சாராயப் புட்டிகளையும் தூக்கிக்கொண்டு கழகத்துக்கே வந்துவிட்டார்கள்.

"நூறு வருஷம் வாழணும் பெட்கோ!" என்று அவருடைய மச்சினர் குவளையருகே கோப்பையைத் தூக்கினார். "இது என்ன, மீன் வளக்கறியா?"

"சாகடிச்சிட்டிருக்கேன்" என்றார் பேராசிரியர்.

"எத்தனை நாளா?"

"எட்டு."

"அடப்பாவி, கோழியை அமுக்கறதே எனக்கு ரெண்டு நிமிஷம்தான்டா!"

அன்று மாலைக்குள் விருந்தாளிகள் விசிறி எப்போது நிற்கும் என்று பந்தயம் கட்டிவிட்டார்கள். பந்தயத்தில் தோற்ற ஒருவர் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். அவர் மாவட்ட நீதிமன்றத்தில் எழுத்தர்.

நெவேனா அன்றன்றைய பக்கங்களை நகலெடுத்து, விதிப்படி வரவு எண் வாங்கி, பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. காலையில் முத்திரையைக் கிழிக்கும்போது மட்டும் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பாள். கதவு திறந்ததும் முதலில் விசிறியைப் பார்ப்பாள். நிற்கக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும் ஒரே ஆள் அவள்தான்.

முப்பதாம் தேதி மரைக்கேயின் கடிதம் வந்தது. இருபது நாட்டு ஆய்வகங்களின் சான்றுகளைப் படித்திருக்கிறேன், எல்லாம் அந்தந்தக் கலத்தின்மேல் ஆசைப்பட்டவர்கள் எழுதியவை என்று அதில் இருந்தது. ஒரு கலம் செத்துப்போக வேண்டும் என்று மனமார விரும்பிய மூன்று பேர், நூற்று ஐம்பது முறை கையெழுத்திட்டு, அது உயிரோடிருப்பதாக எழுதிய சான்றை இப்போதுதான் பார்க்கிறேன். இதைவிட நம்பகமான சோதனையை நான் கண்டதில்லை. இந்தக் கலத்தின் திட்டத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன்.

மறுநாள் முற்பகல் பேரறிஞர் ஸ்லாத்தெவ் தொலைக்காட்சிக்காரர்களோடு அறைக்குள் வந்தார். அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை.

"உலகத்துல எல்லாரும் தங்களோட கண்டுபிடிப்பைக் காப்பாத்தப் பாப்பாங்க" என்றார் கேமராவைப் பார்த்து. "நாங்க அழிக்கப் பாப்போம். அதுலயும் தப்பிச்சு வந்தாத்தான் ஏத்துக்குவோம். இந்தக் கழகத்துல முப்பது வருஷமா இதுதான் முறை. எத்தனையோ நல்ல கண்டுபிடிப்புகளை வெற்றிகரமா அழிச்சிருக்கோம். இது ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு!"

பிறகு நெவேனாவின் தோளில் கை வைத்தார். "உன் ஒப்பந்தம் நீட்டிச்சாச்சும்மா. அழிப்பு முடியறவரைக்கும் பொருளைச் செஞ்சவங்களைப் பணியிலிருந்து விடுவிக்க முடியாதுன்னு பணியாளர் பிரிவே சொல்லிடுச்சு. அது சுத்தறவரைக்கும் நீ இங்கதான்." மூவர் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான்."

கேமராக்கள் போயின. ஸ்தாமென் நாற்காலியில் சரிந்தார். சொர்னித்சா பதிவேட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். பேராசிரியர் பனயோத்தொவ் குவளைக்கு வெகு அருகே குனிந்து, தண்ணீருக்குள் கருப்பாக இருந்த அந்த நகத்தளவுத் துண்டை முதன்முறையாக உண்மையிலேயே உற்றுப் பார்த்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா நெவேனா, மறைக்காமச் சொல்லு. இது இன்னும் எத்தனை நாள்தான் தாங்கும்?"

"தெரியலீங்க ஐயா" என்றாள் நெவேனா. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் ரெண்டு வருஷமா உங்களையெல்லாம் கெஞ்சிட்டிருந்தேன்."